என்ஜினுக்குப் பெயர் கொடுத்த மனிதர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மெக்கானிக்கல் பிரிவு சார்பில் ஒரு கட்டுரை வேண்டும், பழைய ஹாஸ்டல் கதையாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்றார்கள். ஹாஸ்டல் கதைகளை எழுதுவதற்கு நம் செட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கதைகளில் பாதி என்னைப் பற்றியது என்பதால் நான் எழுதாமல் இருப்பதே மரியாதை. ஆனால் அதே வாரத்தில் நம் கல்லூரியில் படித்து முடித்த ஒரு தம்பி போன் செய்திருந்தான். சொந்தமாக மூன்று டிரெய்லர் வண்டி ஓட்டுகிறான். ஒரு வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, டீசலும் குடிக்கிறது. கம்ப்யூட்டரை வைத்து பவரைக் கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா சார் என்று கேட்டான். பவரும் வேண்டும், மைலேஜும் வேண்டும். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்விக்காக வாழ்க்கையையே கொடுத்த ஒரு மனிதரின் பெயரைத்தான் நாம் தினமும் பெட்ரோல் பங்க்கில் சொல்கிறோம். அவரைப் பற்றி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர்தான், ஆனால் பிறந்தது பாரிஸில், 1858 மார்ச் 18-ஆம் தேதி. அப்பா தியோடோர், ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்து பிழைக்க வந்த புத்தக பைண்டர்; தோல் சாமான்களும் செய்து விற்றார். வசதியான வீடு இல்லை. செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பையனுக்கு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருந்தது. ஓய்வு கிடைத்தால் அங்கே போய் இயந்திரங்களைப் பார்த்துப் படம் வரைவது பையனின் வழக்கம். அங்கே இருந்த இயந்திரங்களில் ஒன்று க்யூனோ செய்த நீராவி வண்டி. 1770 வாக்கில் செய்யப்பட்ட அந்த வண்டி எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பீரங்கி இழுப்பதற்காக. உலகத்தில் தானாக நகர்ந்த முதல் பெரிய வண்டியே பாரம் இழுக்கிற வண்டிதான்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை வந்தது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்களெல்லாம் வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே வயிற்றுப்பாடே பெரும்பாடு. பன்னிரண்டு வயதுப் பையனைத் தனியாக ரயிலேற்றி ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் பார்னிக்கல் அங்கிருந்த தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். பையனுக்கு அதுவே அதிர்ஷ்டம். பதினாலு வயதில் நான் இன்ஜினியர் ஆகப் போகிறேன் என்று அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். அவர்களுக்கோ பையன் சம்பாதித்தால் தேவலை என்ற நிலைமை. 1875-ல் மூனிக் பாலிடெக்னிக்கில் ஸ்காலர்ஷிப் கிடைத்தபோதும் அவர்களுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நம் கல்லூரியில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் காட்சி பழக்கமானது என்று எனக்குத் தெரியும்.

மூனிக்கில் அவருக்கு வாய்த்த பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களின் தந்தை என்று நாம் ரெஃப்ரிஜரேஷன் பேப்பரில் படித்தோமே, அவரேதான். ஒருநாள் வகுப்பில் லிண்டே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நீராவி என்ஜினில் எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறிலிருந்து பத்து பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி தொண்ணூறும் புகைபோக்கி வழியாகவும் தண்ணீர் வழியாகவும் போய்விடுகிறது. பிரெஞ்சுக்காரர் கார்னோ 1824-லேயே எழுதி வைத்த லட்சியச் சக்கரத்தின்படி பார்த்தால் இது படு மோசம். எல்லா மாணவர்களும் அதை நோட்டில் எழுதிக்கொண்டு பரீட்சைக்குப் படித்தார்கள். டீசல் தன் நோட்டின் ஓரத்தில், இதை நடைமுறையில் செய்ய முடியுமா என்று ஆராய வேண்டும் என்று குறித்து வைத்தார். அந்த ஓரக் குறிப்பு அவரைச் சாகும் வரை விடவில்லை.

1879-ல் பரீட்சை நேரத்தில் டைஃபாய்டு. அவருடைய செட் முடித்துப் போய்விட்டது, இவர் படுக்கையில். இடையில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனிப் பட்டறையில் கையில் அரத்தைப் பிடித்து வேலை கற்றுக்கொண்டு, 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார். அரியர் வைத்தவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்கு நிஜமாகவே காய்ச்சல்.

அப்புறம் பத்து வருஷம் லிண்டேயின் ஐஸ் கம்பெனியில் பாரிஸில் வேலை. நல்ல சம்பளம். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணோடு கல்யாணம், மூன்று குழந்தைகள். ராத்திரி ராத்திரியாக அம்மோனியா ஆவியில் ஓடும் என்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தார், அது கைகூடவில்லை. 1890-ல் பெர்லினுக்கு மாற்றலானார். அங்கேதான் யோசனை முழு உருவம் பெற்றது.

யோசனை என்ன? அப்போதைய ஆட்டோ வகை என்ஜின்களில் காற்றையும் எரிபொருளையும் முதலிலேயே கலந்து சிலிண்டருக்குள் இழுப்பார்கள். அந்தக் கலவையை ஓரளவுக்கு மேல் அழுத்தினால் பிஸ்டன் மேலே போவதற்குள் அதுவே வெடித்துவிடும். அதனால் அழுத்தம் குறைவு, பலனும் குறைவு. டீசல் சொன்னது: வெறும் காற்றை மட்டும் உள்ளே இழு. அதை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்து. அழுத்த அழுத்தக் காற்று சூடாகும். நல்ல சூட்டில் இருக்கும்போது எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, அதுவே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் வேண்டாம், நெருப்பு வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்ப்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதே சமாசாரம்தான். 1892 பிப்ரவரியில் பேடண்டுக்கு விண்ணப்பித்தார். அடுத்த வருஷம் 67207 என்ற எண்ணில் கிடைத்தது. கூடவே பகுத்தறிவு முறையிலான ஒரு வெப்ப என்ஜினைப் பற்றிய சின்னப் புத்தகமும் வெளியிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேடண்டில் எழுதியபடி ஒரு என்ஜின் ஓடவே ஓடாது. காற்றை 250 அட்மாஸ்ஃபியர் வரை அழுத்தி, வெப்பநிலை ஏறாதபடி மெல்ல எரிய விட வேண்டும் என்பது அவருடைய முதல் திட்டம். கார்னோ சக்கரத்துக்குப் பக்கத்தில் போகலாம், வாஸ்தவம். ஆனால் அவ்வளவு அழுத்தத்துக்குச் செலவாகும் சக்தியும் உராய்வும் போக மிச்சம் எதுவும் நிற்காது. புத்தகம் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கே அது புரிந்துவிட்டது. அழுத்தத்தைக் குறைத்து, எரியும்போது அழுத்தம் மாறாமல் இருக்கும்படி திட்டத்தை மாற்றி, 1893 நவம்பரில் இன்னொரு பேடண்டுக்கு எழுதினார். நாம் தெர்மோடைனமிக்ஸில் படித்த டீசல் சைக்கிள் இந்த இரண்டாவது யோசனைதான். முதல் பேடண்ட் ஒன்று சொல்கிறது, ஓடுகிற என்ஜின் வேறொன்று செய்கிறது என்று எதிரிகள் கடைசி வரை அவரைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். அவர் அந்த மாற்றத்தை வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருந்தால் பாதிச் சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் பூட்ஸ் முதலில் மறுத்துவிட்டு, பிறகு ஒத்துக்கொண்டார். க்ருப் கம்பெனி வருஷத்துக்கு 30,000 மார்க் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 1893 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் சோதனை. என்ஜினைப் பட்டறை பெல்ட்டோடு இணைத்துச் சுற்றவிட்டு எரிபொருளை உள்ளே செலுத்தினார்கள். பற்றிக்கொண்டது. ஆனால் அழுத்தம் அளக்கும் இண்டிகேட்டர் வெடித்துச் சிதறியது, பக்கத்தில் நின்றவர்கள் தப்பித்தது புண்ணியம். தானாக ஓடவில்லை என்றாலும், அழுத்தின சூட்டில் எரிபொருள் பற்றும் என்பது நிச்சயமாகிவிட்டது.

அதன் பிறகு மாதக்கணக்கில் வால்வை மாற்று, பிஸ்டன் ரிங்கை மாற்று, நாசிலை மாற்று. 1894 பிப்ரவரி 17-ஆம் தேதி லிண்டர் என்ற ஃபிட்டர் என்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பட்டறை பெல்ட் என்ஜினை இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பெல்ட் எதிர்ப்பக்கமாக விறைப்பதைப் பார்த்தார். என்ஜின்தான் இப்போது பெல்ட்டை இழுக்கிறது! லிண்டர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார். நிமிஷத்துக்கு 88 சுற்று, ஓடினது ஒரே ஒரு நிமிஷம். பிள்ளை பெற்ற வீட்டில் முதல் அழுகை கேட்கிற நிமிஷம் அது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று மூனிக் பேராசிரியர் மாரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அளந்தார். 250 மில்லிமீட்டர் போர், 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், 154 சுற்று, ஏறக்குறைய 18 குதிரைசக்தி. எரிபொருள் விளக்கெரிக்கிற மண்ணெண்ணெய். கிடைத்த பலன் 26.2 சதவீதம். நம் கணக்கில் ஒரு கிலோவாட் மணிக்கு 324 கிராம். அந்தக் காலத்தில் நல்ல நீராவி என்ஜினே பத்து சதவீதத்தைத் தாண்டத் திணறியது. மைலேஜ் என்ற போட்டியில் முதல் நாளே மற்றவர்களைப் பின்னால் தள்ளிவிட்டார். அந்த வருஷம் ஜூனில் காஸல் நகரத்தில் ஜெர்மன் இன்ஜினியர்கள் மாநாட்டில் டீசலும் ஷ்ரோட்டரும் முடிவுகளை வெளியிட்டார்கள். உலகம் முழுவதிலிருந்தும் கம்பெனிகள் லைசென்ஸ் கேட்டு வந்து நின்றன. அமெரிக்க உரிமைக்கு மட்டும் பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். நாற்பது வயதுக்குள் டீசல் கோடீஸ்வரர்.

ஆனால் பவர்? அங்கேதான் விஷயம். அந்த 18 குதிரை என்ஜினின் எடை சுமார் நாலரை டன், உயரம் மூன்று மீட்டர். ஒரு குதிரைக்கு 250 கிலோ இரும்பு. லாரிக்குள் வைப்பது இருக்கட்டும், அதைத் தூக்கவே ஒரு லாரி வேண்டும்.

காரணம் எரிபொருளை உள்ளே செலுத்துகிற விதம். அழுத்தின காற்றுக்குள் எண்ணெயைப் பீய்ச்சுகிற நுணுக்கமான பம்ப் அப்போது யாராலும் செய்ய முடியவில்லை. அதனால் டீசல் இன்னும் அதிக அழுத்தமுள்ள காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதித் தள்ளினார். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர், காற்றுக் குப்பிகள், குழாய்கள். இந்தக் கம்ப்ரஸரை என்ஜினேதான் ஓட்ட வேண்டும், அது பவரில் ஒரு பங்கைத் தின்றது. கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் இது பரவாயில்லை. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு உதவாது. டீசலுக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை. 1908-ல் சூரிச் நகரத்து சாஃபிர் கம்பெனியோடு சேர்ந்து லாரிக்கான சின்ன என்ஜின் ஒன்று செய்து பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. பாரிஸ் தெருக்களில் தள்ளுவண்டி தள்ளின பையன் தன் என்ஜின் ஒரு லாரியைப் பாரத்தோடு இழுத்துப் போவதைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தம்பிக்குப் பதில் கிடைக்காது. 1987-ல் நான் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரெய்லர் வண்டி தொப்பூர் ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று டிரைவர் அண்ணன் புலம்பிக்கொண்டே இருந்தார். டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் என்ஜின். நான் படித்த திமிரில் ஃபியூயல் பம்ப் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகிவிட்டேன். டீசல் கூடுதலாகப் போனது. முதல் ட்ரிப்பில் வண்டி நன்றாக இழுத்ததாக அண்ணன் சந்தோஷப்பட்டார். பின்னால் கரும்புகை மட்டும் ஊரையே மூடியது. மூன்றாவது ட்ரிப்பில் ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றது. ஹெட்டைத் திறந்தால் ஒரு பிஸ்டன் மண்டை உருகி வழிந்திருந்தது. நடு ரோட்டில் பாரத்தோடு ராத்திரி முழுக்க அந்த அண்ணனும் கிளீனரும் கட்டை போட்டுக் காவல் இருந்தார்கள். பின்னால் வந்த வண்டி எதுவும் மோதாமல் போனது தெய்வச் செயல். தப்பு முழுக்க என்னுடையது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்றைக்குப் பிறகுதான் லேபில் படித்தது எனக்குப் புரிந்தது. ஒரு கிலோ டீசல் எரிய சுமார் பதினாலரை கிலோ காற்று கட்டாயம் வேண்டும். புகையில்லாமல் எரிய நடைமுறையில் இருபது கிலோவுக்குப் பக்கத்தில் தேவைப்படும். டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜின் மாதிரி காற்றை அடைக்கிற கதவு கிடையாது. ஒவ்வொரு தடவையும் முழு மூச்சுக் காற்றை இழுக்கும், ஆக்சிலரேட்டர் கூட்டிக் குறைப்பது எண்ணெயை மட்டும்தான். காற்று அதே அளவில் இருக்க எண்ணெயை மட்டும் கூட்டினால் கொஞ்சம் பவர் வரும். அதற்கு மேல் எரியாத கரி புகையாகப் போகும், சூடு பிஸ்டனில் ஏறும். கரும்புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கின டீசல்தான். ஸ்க்ரூவுக்குப் பதிலாக லேப்டாப்பில் திருகினாலும் கணக்கு மாறாது.

டீசலின் பிற்கால வாழ்க்கைக்கு வருகிறேன். லைசென்ஸ் வாங்கினவர்கள் செய்த முதல் என்ஜின்கள் அடிக்கடி நின்றுபோயின. கெம்ப்டன் ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 1898-ல் போட்ட 60 குதிரை என்ஜினைப் பழக்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சோதனைக்கூடத்தில் ஓடின என்ஜினை வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற என்ஜினாக மாற்றினவர்கள் இம்மானுவேல் லௌஸ்டர் மாதிரியான ஆக்ஸ்பர்க் தொழிற்சாலை இன்ஜினியர்கள். அவர்கள் பெயர் எந்த பங்க்கிலும் எழுதப்படவில்லை. டீசல் சொந்தமாக ஆரம்பித்த தொழிற்சாலை சீக்கிரமே படுத்துவிட்டது. பேடண்ட் வழக்குகள், ஓயாத தலைவலி, தூக்கமின்மை. 1898-லேயே நரம்புத் தளர்ச்சி வந்து சானடோரியத்தில் இருந்தார். மூனிக்கில் அரண்மனை மாதிரி ஒரு வீடு கட்டினார். நிலத்திலும் கலீசியா எண்ணெய் வயல்களிலும் போட்ட பணம் கரைந்தது. என்ஜினில் ஒரு சதவீதம் வீணாவதைப் பொறுக்காத மனிதர் சொந்தப் பணத்தில் இவ்வளவு ஓட்டை விட்டது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நல்லதும் நடந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரிசு. அங்கே ஆட்டோ கம்பெனி வைத்திருந்த ஒரு சின்ன டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது, பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தாவர எண்ணெயில் என் என்ஜின் ஓடும், விவசாயிக்கு அது உதவும் என்று 1912-ல் அவர் பேசியிருக்கிறார். 1903-ல் தொழிலாளர் கூட்டுறவு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். என்ஜினைவிட அதுதான் தன் பெரிய சாதனை என்று நினைத்தார். வாங்குவார் இல்லை. 1912-ல் டென்மார்க்கில் கட்டின செலாண்டியா என்ற கப்பல் டீசல் என்ஜினோடு பாங்காக் வரை போய்த் திரும்பியது. அதே வருஷம் நவம்பரில் பெர்லினில் கப்பல் இன்ஜினியர்கள் சபையில் தன் என்ஜின் பிறந்த கதையைப் படித்தார். பாராட்டை எதிர்பார்த்துப் போனவரைப் பேராசிரியர்கள் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்டார்கள். இவர் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, எல்லாம் தொழிற்சாலைக்காரர்கள் செய்தது என்பது அவர்களுடைய வாதம். டீசலைக் கட்டுக்கதை என்று சொல்லி ஆகன் பேராசிரியர் ஒருவர் ஒரு புத்தகமே தயார் செய்துகொண்டிருந்தார்.

1913 செப்டம்பர் 29 மாலை. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்கு ஏறினார். அங்கே அவருடைய என்ஜின் கம்பெனியின் கூட்டம். கூட இரண்டு நண்பர்கள். மூவரும் சாப்பிட்டார்கள், தளத்தில் நடந்தார்கள். ராத்திரி பத்து மணி வாக்கில் கேபினுக்குப் போனார். காலை ஆறேகாலுக்கு எழுப்பச் சொன்னார். காலையில் கேபின் காலி. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை, இரவு உடை மடிப்புக் கலையாமல் இருந்தது. கைக்கடிகாரம் கட்டாத காலம் அது. அவருடைய பாக்கெட் கடிகாரம் படுக்கையிலிருந்து தெரியும்படி வைத்திருந்தது. தொப்பியும் ஓவர்கோட்டும் பின்தளத்துக் கம்பியருகே மடித்து வைத்தபடி கிடைத்தன. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் மிதந்த ஒரு உடலைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி, மாத்திரைப் பெட்டி இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டுவிட்டார்கள். மகன் யூஜென் அந்தச் சாமான்களைப் பார்த்து அப்பாவுடையவை என்று அடையாளம் சொன்னார்.

உளவாளிகள் கொன்றார்கள், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்று இன்றும் புத்தகம் வருகிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்கு டீசல் என்ஜின் முக்கியமாகிக்கொண்டிருந்த நேரம் என்பதால் கதைக்குப் பஞ்சமில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புறப்படுவதற்கு முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்து பார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திறந்தபோது உள்ளே 20,000 மார்க் ரொக்கமும் பேங்க் கணக்குகளும். கணக்குகளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அவருடைய டைரியில் செப்டம்பர் 29 என்ற தேதிக்கு நேரே ஒரு சிலுவைக்குறி. நடப்பு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: கடன், தோல்வி, அவமானம் எதுவானாலும் வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மார்த்தா அம்மையாருக்கு அந்தப் பை திறக்கிற வரை எதுவும் தெரியாது.

அவர் போன பிறகுதான் பவர் பிரச்சினை தீர ஆரம்பித்தது. கம்ப்ரஸரைத் தூக்கி எறிய வழி கண்டார்கள். பென்ஸ் கம்பெனியில் லோராஞ்ச் முன்அறை முறையைக் கொண்டுவந்தார். 1923-ல் பென்ஸ் ஐந்து டன் லாரியில் 50 குதிரை டீசல் ஓடியது. டீசல் பிறந்த அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலை, அப்போது எம்.ஏ.என். என்று பெயர் மாறியிருந்தது, எண்ணெயை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற லாரியை 1924 மார்ச்சில் ஆக்ஸ்பர்க்கிலிருந்து நூரம்பர்க் வரை 140 கிலோமீட்டர் ஓட்டியது. ஐந்தரை மணி நேரம் பிடித்தது. 1927-ல் ராபர்ட் பாஷ் பம்ப்புகளை வரிசையாகச் செய்து விற்க ஆரம்பித்தார். நான் சீலை உடைத்தது அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பம்ப்பைத்தான்.

காற்றுக்கு வழி சொன்னவர் சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பியூக்கி. வீணாகப் போகிற புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே அச்சில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளலாம் என்று 1905-லேயே பேடண்ட் எடுத்தார். இருபது வருஷம் கழித்து இரண்டு ஜெர்மன் கப்பல்களில் அதைப் போட்டபோது 1,750 குதிரை என்ஜின் 2,500 குதிரை ஆனது. லாரிக்கு 1938-ல் சௌரர் கம்பெனி டர்போ போட்டது. அமுக்கின காற்று சூடாகி விரிந்துவிடுகிறது என்பதால் நடுவில் ஒரு ரேடியேட்டர் மாதிரி வைத்துக் குளிர வைப்பது பின்னால் வந்தது. அதுதான் இண்டர்கூலர். குளிர்ந்த காற்று நெருக்கமானது, கிலோ கணக்கில் அதிகம் உள்ளே போகும், பிஸ்டன் சூடும் இறங்கும். லிண்டேயின் மாணவர் இருந்திருந்தால் ரசித்திருப்பார். இன்றைய நல்ல கனரக லாரி என்ஜின் ஒரு கிலோவாட் மணிக்கு 190 கிராம் அளவில் டீசல் எடுத்துக்கொள்கிறது. 2020-ல் சீனாவின் வெய்ச்சாய் கம்பெனி 50.23 சதவீதம் பலன் தரும் ஒரு என்ஜினைக் காட்டியது. 26.2-லிருந்து இவ்வளவு தூரம் வர 123 வருஷம்.

ஷ்ரோட்டர் அளந்த அந்த 1897 என்ஜின் மூனிக் நகரத்து ஜெர்மன் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கிறது. ரிட்டையர் ஆன பிறகு என் மகளோடு போய்ப் பார்த்தேன். நான் அதன் கம்ப்ரஸர் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றதில் மகளுக்குக் கால் வலித்துவிட்டது.

அந்தத் தம்பியிடம் கம்ப்யூட்டர் ஆசாமியை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். முதலில் ஏர் கிளீனரையும், டர்போவிலிருந்து இண்டர்கூலர் வழியாக என்ஜினுக்குப் போகிற ஹோஸ்களையும் கழற்றிப் பார், டயர் காற்றையும் பார் என்றேன். இரண்டாம் நாள் போன் வந்தது. இண்டர்கூலருக்குப் போகிற ஹோஸில், கிளிப்புக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில், விரல் நுழைகிற அளவு கிழிசல். டர்போ அமுக்கின காற்றில் ஒரு பங்கு அந்த வழியே ரோட்டுக்குப் போயிருக்கிறது. ஹோஸ் மாற்றின பிறகு ஏற்றத்தில் ஒரு கியர் மேலேயே இழுக்கிறதாம், புகையும் இல்லையாம். மைலேஜ் எவ்வளவு கூடியது என்று நாலு ட்ரிப் டேங்க் நிரப்பி அளந்துதான் சொல்வேன் சார் என்றான். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்துக்கு வரும்போது கிழிந்த ஹோஸையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், ஐ.சி. என்ஜின் லேபில் அந்தப் பழைய ஒற்றை சிலிண்டர் என்ஜின் பக்கத்தில் மாட்டி வைக்கலாம்.